காற்றின் கண்

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைக் காப்பியோடு குடும்ப வாட்ஸ்அப் குழுவைத் திறந்தால், பெரியப்பா வழக்கம்போல ஒரு ஃபார்வர்டு போட்டிருந்தார். உலக மொழிகளுக்கெல்லாம் தாய் தமிழே என்று தொடங்கும் ரகம். பத்துப் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சமக்குறி, அதற்கப்புறம் ஒரு தமிழ்ச் சொல். இப்படி எத்தனையோ வந்து போயிருக்கின்றன, பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவேன். அன்று ஏனோ நான்காவது வரியில் நின்றுவிட்டேன். ‘விண்டோ = விண் + தோற்றம். விண் தோன்றும் இடமே விண்டோ!’ கடைசியில் மூன்று கைதட்டல் படங்கள். நான் யோசிக்காமல் ‘தப்பு’ என்று ஒரே ஒரு சொல்லை அடித்து அனுப்பிவிட்டேன்.

அனுப்பிய மறு நொடியே உறுத்தியது. பெரியப்பா முப்பது வருடத்துக்கு மேல் தமிழாசிரியராக இருந்தவர். எனக்கு ‘அ’ போடக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான், அதுவும் பரப்பிய அரிசியில் என் விரலைப் பிடித்து. அரை மணி நேரம் குழுவில் சத்தமே இல்லை. அத்தை மட்டும் நடுவில் ஒரு முருகன் படம் போட்டார். அப்புறம் பெரியப்பாவிடமிருந்து பதில் வந்தது: ‘சரி. அப்படியானால் எது சரி?’ முற்றுப்புள்ளி, கேள்விக்குறி எல்லாம் சரியாக வைத்து. அவர் கோபமாக இருக்கும்போதுதான் நிறுத்தக்குறிகளில் இவ்வளவு கவனம் காட்டுவார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. அதுதான் கஷ்டம். விண்டோ தமிழிலிருந்து போகவில்லை என்று அடித்துச் சொல்லத் தெரிந்த எனக்கு, அது எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஒலி ஒத்துப்போகிறது என்பதற்காகச் சொந்தம் கொண்டாடக் கூடாது என்ற பொது விதியை எங்கேயோ படித்து வைத்திருந்தேன். அதை வைத்தே ஒரு பெரியவரின் ஞாயிற்றுக்கிழமையைக் கெடுத்திருந்தேன். மறுநாள் அலுவலகம் போகும்போது பேருந்தில் விண்டோ சீட்டுக்கு இரண்டு பேர் சண்டை போட்டார்கள். உட்கார்ந்து வேலையைத் தொடங்கினால் கணினியில் விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. மதியம் வங்கியில் ‘அடுத்த விண்டோவுக்குப் போங்க சார்’ என்றார்கள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை இந்தச் சொல்லைக் கேட்கிறோம் என்று அன்றுதான் எண்ணிப் பார்த்தேன். ராத்திரி எல்லாரும் தூங்கியபின் அகராதிகளைத் திறந்தேன்.

கூரையில் இருந்த கண்

விண்டோ ஒரு கூட்டுச்சொல். பார்த்தால் அப்படித் தெரியாது. பிளாக்போர்டு, ஃபுட்பால் மாதிரி ஒட்டிய இடம் வெளியே தெரிகிற சொல் இல்லை இது. பழைய நார்ஸ் மொழியில், அதாவது நாம் வைகிங்குகள் என்று சொல்கிறோமே அவர்களுடைய பேச்சில், ‘விண்டவுகா’ என்று ஒரு சொல் இருந்தது. ‘விண்டர்’ என்றால் காற்று. ‘அவுகா’ என்றால் கண். சேர்த்தால் காற்றுக்கண். நம் நாக்குக்கு வகரம் வருகிறதே தவிர, வைகிங் காலத்தில் அவர்கள் அதை ஆங்கில டபிள்யூ போல உதட்டைக் குவித்துத்தான் சொன்னார்கள். ஆங்கிலத்தில் இன்றைக்கும் அந்த எழுத்தில் சொல் தொடங்குவது அதனால்தான். தமிழ் எழுத்து இரண்டையும் ஒரே ‘வ’வில் போட்டுவிடுவதால் நமக்கு அந்தத் தகராறே இல்லை. 1200 வாக்கில் ஆங்கில எழுத்தில் இந்தச் சொல் தலைகாட்டத் தொடங்குகிறது. நடுவில் இருந்த ககரம் கரைந்து வகரம் போல ஆகி, கடைசியில் ‘ஓ’ மட்டும் மிஞ்சியது. முழுதாக ஒரு கண் தேய்ந்து ஓர் உயிரெழுத்து ஆகிவிட்டது.

ஏன் காற்றுக்கண்? அவர்களுடைய வீட்டை நினைத்துப் பார்க்க வேண்டும். நீளமான ஒற்றைக் கூடம். பல இடங்களில் புல்லும் வேருமாக மண்ணைப் பாளம் பாளமாக வெட்டி அடுக்கிய தடித்த சுவர். நடுவில் நீளவாக்கில் எரிகிற அடுப்பு. குளிர் அப்படி என்பதால் சுவரில் பெரிதாக ஓட்டை போடத் துணிய மாட்டார்கள். ஆனால் புகை வெளியேற வேண்டும், கொஞ்சம் வெளிச்சமும் வேண்டும். அதற்காகக் கூரையில் விட்ட திறப்புதான் விண்டவுகா. கண்ணாடி கிடையாது. புகை மேலே போகும், காற்றும் பனியும் கேட்காமலேயே கீழே வரும். இருட்டுக் கூடத்தில் படுத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தால் ஒரு வெளிச்ச வட்டம் தெரியும். கண் என்று தோன்றாமல் வேறென்ன தோன்றும்?

இதில் எனக்கு வேடிக்கையாகப் பட்டது, ஆங்கிலேயர்களிடம் அதற்கு முன்பே சொந்தமாக ஒரு சொல், ஒன்றென்ன இரண்டு சொல், இருந்ததுதான். ஒன்று ‘ஏஆக்தூரெல்’, கண் துளை என்று அர்த்தம். இன்னொன்று ‘ஏஆக்துரு’, கண் கதவு. பதினாறு நூற்றாண்டுக்கு முன்னால் கோத்திக் என்ற பழைய ஜெர்மானிய மொழியில் பைபிளை மொழிபெயர்த்தபோதும் இதே கண் கதவுதான். டமாஸ்கஸ் நகரத்துச் சுவரின் ஜன்னல் வழியாகப் பவுலைக் கூடையில் வைத்து இறக்கினார்களே, அந்த இடத்தில் வருகிறது. ஆக, கண் எல்லாரிடமும் இருந்தது. காற்றைச் சேர்த்தவர்கள் நார்ஸ்காரர்கள். ‘தூரெல்’ என்ற துளை மட்டும் ஆங்கிலத்தில் வேறு இடத்தில் ஒளிந்துகொண்டு தப்பித்தது. மூக்குத் துவாரத்துக்கு அவர்கள் சொல்கிற ‘நாஸ்ட்ரில்’ இருக்கிறதே, அது மூக்கு, துளை இரண்டும் சேர்ந்த சொல். கடைசியில் வருகிற ‘ட்ரில்’தான் நம் பழைய ‘தூரெல்’. உடம்பு சிலிர்க்கிற ‘த்ரில்’லும் இதே குடும்பம்; துளைப்பது என்பதிலிருந்து வந்தது.

சொந்தமாகச் சொல் இருக்கும்போது ஏன் கடன் வாங்கினார்கள்? வைகிங் என்றதும் நமக்குக் கொம்பு வைத்த தொப்பியும் கோடாலியும்தான் நினைவுக்கு வரும் (கொம்பு பின்னால் வந்த கற்பனை). 793இல் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைச் சூறையாடியவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் 865இல் இங்கிலாந்துக்குப் பெரும்படையாக வந்தவர்களில் பலர் திரும்பிப் போகவில்லை. மறு வருடம் யார்க் நகரத்தைப் பிடித்தார்கள், அதற்கு யோர்விக் என்று பெயர் சொன்னார்கள், சுற்றிலும் நிலம் உழுதார்கள், அங்கேயே பெண் எடுத்தார்கள். விட்பி, டெர்பி, கிரிம்ஸ்பி என்று ‘பி’யில் முடிகிற ஊர்ப்பெயர்களில் அவர்களுடைய கிராமங்கள் இன்னும் இருக்கின்றன. கொள்ளைக்காரனிடமிருந்து யாரும் ஜன்னலுக்குச் சொல் வாங்க மாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரனிடமிருந்து, மாமியார் வீட்டிலிருந்து வாங்குவார்கள். அப்படி ஆங்கிலத்துக்குள் போன சொற்களைப் பாருங்கள்: முட்டைக்கு எக், கத்திக்கு நைஃப், தோலுக்கு ஸ்கின், ‘அவர்கள்’ என்பதற்கு தே. எல்லாம் அடுக்களைக்கும் திண்ணைக்கும் நடுவில் புழங்குகிறவை. கணவனைச் சொல்கிற ஹஸ்பண்டும் நார்ஸ்தான், வீட்டில் குடியிருக்கிறவன் என்ற கூட்டுச்சொல். மனைவி வைஃப் மட்டும் சுத்த ஆங்கிலம். அந்தக் காலத்து யார்க்கில் பல வீடுகளில் நிலைமையே அப்படித்தான் இருந்திருக்கும்.

கண்ணாடி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 670களில் வடக்கு இங்கிலாந்தில் மங்க்வேர்மத் மடத்தைக் கட்டிய பெனடிக்ட் பிஸ்கப், கண்ணாடி போடத் தெரிந்த ஆள் உள்ளூரில் இல்லை என்று பிரான்ஸ் பக்கத்திலிருந்து வரவழைத்தார். கோயிலுக்குக் கண்ணாடி வந்தும் குடிசைக்கு வர ஆயிரம் வருடம் போல ஆயிற்று. கண்ணாடி போட்ட ஜன்னல் பரவப் பரவ, லத்தீனின் ‘ஃபெனெஸ்ட்ரா’வும் கூடவே பரவியது, ஜெர்மன்காரர் ஃபென்ஸ்டர் என்றார்கள், சுவீடன்காரர்கூடத் தங்கள் பாட்டன் சொல்லை விட்டுவிட்டு ஃபோன்ஸ்டர் என்றார்கள். ஐஸ்லாந்தில் வேறு சொல். டேனிஷ்காரரும் நார்வேக்காரரும் காற்றுக்கண்ணை விடவில்லை. ஆங்கிலத்திலும் ‘ஃபெனெஸ்டர்’ என்று ஒன்று 16ஆம் நூற்றாண்டு வரை போட்டி போட்டுப் பார்த்துத் தோற்றது. அப்புறம் 1696இல் ஜன்னலை எண்ணி வரி போட்டார்கள். வரிக்குப் பயந்து மக்கள் செங்கல் வைத்து ஜன்னலை அடைத்தார்கள். 1851இல்தான் அந்த வரி ஒழிந்தது. அடைத்த கண்கள் அங்கே பழைய வீடுகளில் இன்னும் தெரியும்.

மீனாட்சிக்கு என்ன உறவு

இவ்வளவையும் படித்தபின் பெரியப்பாவுக்குப் பதில் எழுதியிருக்கலாம். ‘விண்டோ என்பது விண் அல்ல, காற்றுக்கண்’ என்று நாலு வரி. எழுதவும் தொடங்கினேன். ஆனால் தோண்டத் தோண்ட வேறு ஒன்று வந்து நின்றது.

காற்றைக் குறிக்கிற அந்த ‘விண்டர்’, லத்தீனில் காற்றைக் குறிக்கும் ‘வெண்டுஸ்’, வடமொழியில் ‘வாத’, மூன்றும் ஒரே வேர். அந்த வாதம் தமிழுக்கு வந்து வாதம், பித்தம், கபம் என்று வைத்தியத்தில் உட்கார்ந்துவிட்டது. என் அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு ‘வாதம்’ என்று முனகுகிறாளே, அந்த வாதமும் விண்டோவின் முன்பாதியும் தூரத்துப் பங்காளிகள். பின்பாதி இன்னும் ஆச்சரியம். கண்ணைச் சொல்கிற ‘அவுகா’, ஜெர்மனின் ‘அவுகே’, ஆங்கிலத்தின் ‘ஐ’, லத்தீனின் ‘ஓக்குலுஸ்’, வடமொழியின் ‘அக்ஷி’ எல்லாவற்றையும் மொழியியலார் ஒரே வேரில் வைக்கிறார்கள். அக்ஷி நமக்குத் தெரியாதா? மீன் போன்ற கண் உடையவள் மீனாட்சி. காமாட்சி, விசாலாட்சி எல்லாரும் அந்தக் கண்ணோடுதான் இருக்கிறார்கள். மதுரையில் இருக்கிற மீனாட்சியின் பின்பாதிக்கும், விண்டோவின் வாலில் தேய்ந்துபோய்த் தொங்குகிற ‘ஓ’வுக்கும் ரத்த உறவு.

ஃபார்வர்டு எழுதினவர் ஒலியை வைத்துத் தேடினார். விண்ணும் விண்டோவும் காதுக்கு ஒன்றுபோல இருந்தன, உறவு இல்லை. வாதமும் மீனாட்சியும் காதுக்கு ஒட்டவே ஒட்டாது, அவைதான் உறவு. அதுவும் வடமொழி வழியாகத் தமிழுக்குத் தத்து வந்த உறவு. இதைக் குடும்பக் குழுவில் போட்டால் சண்டை எங்கே போய் முடியும் என்று யோசித்து, எழுதியதை அழித்துவிட்டேன்.

வடமொழி தன் ஜன்னலுக்கு வைத்த பெயர்களும் இந்தப் பக்கமே வருகின்றன. ‘வாதாயனம்’ என்றால் காற்று போகும் வழி. ‘கவாட்சம்’ என்றால் மாட்டுக் கண். கோ, அக்ஷ இரண்டும் சேர்ந்தது. மாமல்லபுரத்து ரதங்களில் கூரை விளிம்பில் வரிசையாகக் குதிரைலாட வடிவில் ‘கூடு’ செதுக்கியிருப்பார்களே, அதற்கு வடமொழிச் சிற்ப நூல்களில் கவாட்சம்தான் பெயர். ரஷ்ய மொழியில் ஜன்னல் ‘அக்னோ’, கண்ணைச் சொல்லும் பழைய ‘ஓகோ’விலிருந்து. ஸ்பானிஷில் ‘வெந்தானா’, காற்றிலிருந்து. யாரும் யாரிடமும் கேட்டுக்கொண்டு வைக்கவில்லை. சுவரில் ஓட்டை போட்டுவிட்டு எட்டி நின்று பார்த்தால் மனுஷனுக்கு ஒன்று காற்று நினைவுக்கு வருகிறது, இல்லையென்றால் கண்.

அப்போது நாம்? அகராதியை மூடுவதற்கு முன்னால் ஜன்னலையும் தேடிப் பார்த்தேன். தெரிந்த விஷயம்தான், ஆனாலும் அன்று சுருக்கென்றது. ஜன்னல் போர்ச்சுகீஸ் சொல். அவர்கள் ‘ஜனெலா’ என்றார்கள். சாவியும் அலமாரியும் மேசையும் இறங்கிய அதே கப்பலில் இதுவும் இறங்கியது. யாழ்ப்பாணத்தார் யன்னல் என்கிறார்கள், சிங்களத்தில் ஜனேலய, மலாயில் ஜெண்டேலா, வங்காளத்தில் ஜானாலா. போர்ச்சுகல் கப்பல் போன துறைமுகமெல்லாம் ஜன்னல் திறந்திருக்கிறது. அந்த ஜனெலாவுக்கு வேர், லத்தீனில் கதவைக் குறிக்கும் ‘யானுவா’. குட்டிக் கதவு என்று பொருள். அந்தக் கதவுக்கும் வாசல்களுக்கான ரோமானியத் தெய்வம் யானுஸுக்கும் ஒரே வேர். அவர் பெயரில்தான் ஜனவரி. எனவே ஜன்னலும் ஜனவரியும் சொந்தக்காரர்கள். ரசிக்கத்தக்க செய்திதான். ஆனால் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். உலகத்தில் பாதிப் பேர் காற்றையும் கண்ணையும் சொல்லும்போது நம் கைக்கு வந்தது போயும் போயும் ஒரு குட்டிக் கதவா? ஸ்பெயின்காரன் முதலில் வந்திருந்தால் இன்று வெந்தானம் என்று சொல்லிக்கொண்டிருப்போமோ என்னவோ.

மேல் கதவும் கீழ்க் கதவும்

போன வாரம் கோயில் கும்பாபிஷேகத்துக்கு ஊருக்குப் போனேன். மன்னார்குடிப் பக்கம். பெரியப்பா முகம் கொடுத்துப் பேசினார், ஆனால் வாட்ஸ்அப் பற்றி மூச்சு விடவில்லை. நானும் விடவில்லை. மதியம் பந்தியில் சாப்பிட்டுவிட்டு வந்து கூடத்தில் பாயை விரித்துச் சாய்ந்தோம். கண் சொருகும் நேரத்தில் கரண்ட் போயிற்று. மின்விசிறி இரண்டு சுற்று சோம்பலாகச் சுற்றி நின்றது. வெக்கை மேலே வந்து உட்கார்ந்துகொண்டது.

பெரியப்பா எழுந்து ஜன்னலுக்குப் போனார். அந்த ஜன்னலைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன், ஆனால் அன்றுதான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். தேக்கு நிலை. நெட்டுக்குத்தலாக எட்டு இரும்புக் கம்பி. கையால் பிடிக்கிற உயரத்தில் மட்டும் துரு ஏறாமல் வழவழவென்று இருக்கும். நிலையில் பச்சைப் பெயிண்ட், அது உரிந்த இடத்தில் நீலம், நீலம் உரிந்த இடத்தில் மரம். கதவு நாலு: மேலே இரண்டு, கீழே இரண்டு, தனித்தனிக் கொக்கி. பெரியப்பா கீழ்க் கதவின் கொக்கியில் கை வைத்ததும் அடுக்களையிலிருந்து பெரியம்மா குரல் வந்தது. “கீழ தொறக்காதீங்க, தெருவுல போறவன் பூரா எட்டிப் பாப்பான். மேல மட்டும் தொறங்க, காத்து வரட்டும்.”

பெரியப்பா மேல் கதவு இரண்டையும் திறந்து கொக்கியை மாட்டினார். கொல்லைப்பக்கக் கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. சட்டென்று காற்று உள்ளே வந்து, தரையில் கிடந்த கும்பாபிஷேகப் பத்திரிகையைப் புரட்டிப் போட்டது. நான் பாயில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். மேல் கதவு காற்றுக்கு, கீழ்க் கதவு கண்ணுக்கு. வைகிங்காரன் ஒரே ஓட்டையில் போட்டதை எங்கள் ஊர்த் தச்சர் இரண்டு அடுக்காகப் பிரித்து, தனித்தனிக் கொக்கி போட்டிருக்கிறார்.

அதற்குமேல் வாயை அடக்க முடியவில்லை. “பெரியப்பா, அன்னிக்குக் கேட்டீங்கல்ல, எது சரின்னு...” என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். நார்ஸ், காற்று, கண், கூரையில் போட்ட ஓட்டை. அவர் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கூரை என்றதும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“கூரையிலயா இருந்துச்சு?”

“ஆமா. அண்ணாந்து பாத்தா வானம் தெரியும்.”

“அப்ப விண்ணுதானேடா தெரியும்!” என்று சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். பெரியம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நானும் சிரித்தேன். சொற்பிறப்பில் தோற்றவர் காட்சியில் ஜெயித்துவிட்டார். என்னிடம் மறுப்பதற்கு ஒன்றும் இல்லை.

சிரித்து முடித்தபின் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், “காலதர் படிச்சிருக்கியா?” என்றார். இல்லை என்றேன். “கால்னா காத்து. அதர்னா வழி. காத்து வர்ற வழி காலதர். சிலப்பதிகாரத்துல இந்திரவிழவூரெடுத்த காதையில வரும், புகார் நகரத்தைச் சொல்ற எடத்துல. மான்கட் காலதர் மாளிகை இடங்களும். மானோட கண்ணு மாதிரி ஜன்னல் வெச்ச மாளிகை.” சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். எனக்குப் பேச்சு வரவில்லை. காற்றும் கண்ணும் பக்கத்துப் பக்கத்தில், மூன்றே சொல்லில். நார்ஸ்காரர்களுக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. கால் என்பது வாதத்துக்கோ விண்டருக்கோ உறவும் இல்லை. இருந்தும் அதே இரண்டு பொருள் ஒரே ஓட்டையில் வந்து சேர்ந்திருக்கின்றன.

முப்பது வருடம் வகுப்பெடுத்தவரைத் தொடங்கிவிட்டால் நிறுத்த முடியுமா? அடுத்தது மதுரைக்காஞ்சி: ‘சில்காற்று இசைக்கும் பல்புழை நல்இல்’. புழை என்றால் துளை. இளங்காற்று ஒலிக்கிற பல துளைகள் உள்ள நல்ல வீடு. ஆங்கிலேயனின் தூரெல் இங்கே புழையாக உட்கார்ந்திருந்தது. அப்புறம் திரும்பச் சிலம்புக்கு வந்தார். இந்தத் தடவை கோவலனும் கண்ணகியும் புதுமணத் தம்பதியாக மாடத்தில் இருக்கிற இடம்.

‘கோலச் சாளரக் குறுங்கண் நுழைந்து
வண்டொடு புக்க மணவாய்த் தென்றல்’

இரண்டு தடவை சொன்னார். இரண்டாம் தடவை ‘குறுங்கண்’ணில் நிறுத்தி, விரலால் காற்றில் ஒரு சின்ன வட்டம் போட்டார். அழகான சாளரத்தின் சின்னக் கண்கள் வழியாக, வண்டையும் கூட்டிக்கொண்டு நுழைகிற மணமுள்ள தென்றல். சல்லடைக்குக் கண் என்கிறோம், வலைக்குக் கண் என்கிறோம், தேங்காய்க்கு மூன்று கண் என்கிறோம், அந்தக் கண்தான். ஆனால் தென்றலையும் கண்ணையும் அடுத்தடுத்த வரியில் வைத்தவருக்கு அது வெறும் ஓட்டையாக மட்டும் தெரிந்திருக்காது என்றே எனக்குப் படுகிறது. வடக்கே குளிரில் இருந்தவனுக்குக் காற்று கேட்காமல் உள்ளே வருகிற தொல்லை. புகை போனால் போதும் என்று அதைப் பொறுத்துக்கொண்டான். புகாரில் அதே காற்றை வண்டோடு சேர்த்து வரவேற்கிறார்கள். வெக்கையில் கிடந்த எங்கள் இரண்டு பேருக்கும் இந்த வித்தியாசத்தை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“இவ்வளவு தெரிஞ்சு வெச்சுக்கிட்டு ஏன் பெரியப்பா அந்த ஃபார்வர்டைப் போட்டீங்க?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று இப்போதும் ஒரு சந்தேகம். அவர் கோபப்படவில்லை. “காலதர்னு நான் குரூப்புல போட்டா யாரு பாப்பா? விண்டோன்னு போட்டாத்தான் நீயே பாத்த” என்றார்.

உண்மைதான். நானே அந்தக் குழுவில் எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றுதான் பதில் போட்டிருந்தேன், அதுவும் ‘தப்பு’ என்று.

வாசலில் ஒரு வாய்

சாயங்காலம் கிளம்பும்போது பெரியம்மா வழக்கம்போல, “வாசல் வரைக்கும் வந்து ஏத்தி விடுங்க” என்றார். பெரியப்பா செருப்பை மாட்டிக்கொண்டே, “வாசல்னா என்னன்னு சொல்லு பாப்போம்” என்றார், ஆறாம் வகுப்புக் குரலில். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தது எங்கேயோ அடியில் கிடந்து மேலே வந்தது. இல்வாய், முன்பின் மாறி வாயில். இலக்கணப் போலி. இல்லத்துக்கு வாய். பேச்சில் வாயில் வாசலாயிற்று. பரீட்சைக்காக எழுதி ரெண்டு மார்க் வாங்கிய பதில், வாங்கினதோடு சரி. எங்கள் தெருவில் தினமும் ‘வாசல் தெளிச்சாச்சா’ என்று கேட்கிறவர்களில் யார் காதிலாவது அந்த வாய் விழுகிறதா? லண்டனில் விண்டோவைச் சாத்துகிறவர்களுக்குக் கண் தெரிவதில்லை, நமக்கு வாய் தெரிவதில்லை. தையல் தெரியாத அளவுக்குத் துணி பழகிவிட்டது. தெரிந்துகொண்டே இருந்தால் ஒரு வாக்கியம்கூட முழுசாகப் பேச முடியாது என்பதும் இருக்கிறது.

பேருந்தில் விண்டோ சீட் கிடைத்தது. கண்ணாடி பாதியில் சிக்கிக்கொண்டு மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. நீடாமங்கலம் தாண்டும்வரை காற்று முகத்தில் அடித்துக்கொண்டே வந்தது.

நேற்றுக் காலை குழுவில் மறுபடி ஒரு ஃபார்வர்டு. பெரியப்பாதான். இந்தத் தடவை ஒரே வரி: ‘டோர் = துவாரம். தமிழிலிருந்து சென்ற சொல்!’ கைதட்டல் ஐந்தாக உயர்ந்திருந்தது. பழக்க தோஷத்தில் ‘த’ அடித்து, ‘ப்’பும் அடித்துவிட்டேன். அங்கேயே கட்டைவிரல் நின்றது. டோர் தமிழிலிருந்து போகவில்லை. ஆனால் துவாரம் வடமொழியின் ‘த்வார’, வாசல் என்று பொருள். அதுவும் ஆங்கில டோரும் உண்மையாகவே ஒரு வேரில் பிறந்த சொற்கள். வாசலாக வடக்கே இருந்தது தெற்கே வந்து வெறும் ஓட்டையாகி, மூக்கில் இரண்டாக உட்கார்ந்திருக்கிறது. இது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தே போட்டாரா?

அடித்ததை அழித்துவிட்டு, ‘பாதி சரி பெரியப்பா. மதியம் போன் பண்றேன்’ என்று அனுப்பினேன். இரண்டே நொடியில் இரண்டு நீலக் குறி விழுந்தது. போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தார் போல.